மஞ்சள் தொட்ட விரல்

புஜ்ஜி,

உன் பேருக்கு ஒரு பார்சல் வந்திருக்கு. நேத்து பதினோரு மணி இருக்கும். கடலைக்கொல்லையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்க வீட்டுக்கு வந்திருந்தேன். கூரியர்காரர் வாசல்ல வண்டியை நிறுத்தி, உன் பேரை இனிஷியலோட படிச்சு, "இருக்காருங்களா?"ன்னு கேட்டார். இல்லன்னேன். "எப்போ வருவார்? அவர்தாம்மா கையெழுத்துப் போடணும்"னார். "நான் அவங்கம்மா"ன்னேன். அவர் என் மூஞ்சியைப் பாத்துட்டுப் பேனாவைக் குடுத்தார். உன் பேருக்கு எதிர்ல இருந்த கட்டத்துல என் பேரை எழுதினேன். எனக்கு எழுத நேரம் ஆவும்னு உனக்குத் தெரியும். அந்த மனுசன் வண்டியை ஆஃப் பண்ணிட்டு நின்னார். பெட்டி இப்போ உன் துணி வெச்சிருக்கிற டிரங்குப் பெட்டி மேல இருக்குது. பிரிக்கல. அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும். நீ கேஸு போட்டுக் கேட்ட கேமரா. நீ ஜெயிச்சிட்டே. நீ போய் ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆவுது.

இந்த லெட்டரை எழுதச் சொன்னது வசந்தாக்கா. தாலுகா ஆபீசுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிகினு, நுகர்வோர் சங்கத்துலயும் இருக்காங்களே, அவங்கதான். சங்கத்துல சின்னதா ஒரு புத்தகம் போடப் போறாங்களாம். "கம்ப்யூட்டர்ல பாத்து பொருள் வாங்கறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க, கெட்டுப்போன பொருள் வந்தா எங்க போய்க் கேக்கறதுன்னு யாருக்கும் தெரியல, உங்க வழக்கை எழுதுங்க"ன்னாங்க. "அக்கா, நான் அஞ்சாவது தான்"ன்னேன். "அஞ்சாவது படிச்சவங்க எழுதினாத்தான் அஞ்சாவது படிச்சவங்களுக்குப் புரியும்"னாங்க. மூஞ்சி தெரியாதவங்களுக்கு எனக்கு எழுத வராது, புஜ்ஜி. அதனால உனக்கு எழுதறேன். படிக்கறவங்க படிச்சிக்கட்டும். ஆனா உனக்கு எழுதினா, வழக்கை மட்டும் எழுதிட்டு நிறுத்த முடியாது. உன்கிட்ட நான் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கமும்.

முதல்ல குக்கர் கதையைச் சொல்லிடறேன், ஏன்னா நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு அதுல தெரிஞ்சிடும். நீ ஏழாவது படிக்கும்போது உங்க நைனா போனாரு. அதுக்கு அடுத்த வருஷம் திருத்தணி பஜார்ல ஒரு குக்கர் வாங்கினேன். முதல் நாளே மூடியோரம் புஸ்ஸுன்னு ஆவி போச்சு. நீ, "வாம்மா, கடையில போய்க் குடுத்துட்டு வேற வாங்கலாம்"னு என் கையைப் பிடிச்சு இஸ்த்துகினு போனே. கடையில சாமி படத்துக்குப் பக்கத்துலயே போர்டு மாட்டியிருந்தாங்க, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாதுன்னு. நான் அதைப் படிச்சிட்டு, வாயைத் திறக்காம, படியிலேயே திரும்பிட்டேன். "ஏம்மா, கேக்கவே இல்லியே நீ?"ன்னே. "எழுதியே போட்டிருக்காங்கடா"ன்னேன். அந்தக் குக்கர் மூடியில ஈரத்துணி சுத்தி ஒம்போது வருஷம் சோறாக்கினேன். வசந்தாக்கா இப்போ சொல்றாங்க, அந்த மாதிரி போர்டுக்கு ஒரு மரியாதையும் கிடையாதாம், பொருள்ல குறை இருந்தா கடைக்காரர் பதில் சொல்லியே ஆவணுமாம், போர்டு மாட்டறதே தப்பாம். ஒம்போது வருஷம் ஒரு போர்டுக்குப் பயந்து ஆவியில கையைச் சுட்டுகினு இருந்தேன். நீ அப்பவே கேக்கச் சொன்னே. கேக்கற புத்தி உனக்கு யார்கிட்டேர்ந்து வந்துதோ, என்கிட்டேர்ந்து இல்ல.

இன்னொண்ணு சைக்கிள். நீ ஒம்போதாவது படிக்கும்போது வந்த சைக்கிளை, பொட்டு வைக்கறதுக்குள்ள எடுத்துகினு ஓடினே. மலைப்பாதை வளைவுல விழுந்து இடது கை முறிஞ்சுது. அதுலேர்ந்து வீட்டுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் எனக்கு நடுக்கம். நம்ம வீட்ல பொட்டு வைக்க ஆள் இல்லியே. நான் வைக்கக்கூடாது. எதிர்வீட்டு மங்கம்மாவைத்தான் கூப்புடுவேன். கவர்மெண்ட்டு டிவி வந்தப்போ கூட அவதான் வந்து மஞ்சத்தண்ணி தொட்டுத் துடைச்சு, சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சா. நீ பக்கத்துல நின்னுகினு, "பெரிம்மா, டிவிக்குக் கொஞ்சம் பூ வெச்சு வளையலும் போடு, கல்யாணம் பண்ணிடலாம்"னு சிரிச்சே. அவ குங்குமக் கையாலயே உன் தலையில ஒரு குட்டு வெச்சா.

கேமரா நீ ஆசைக்கு வாங்கினது இல்லன்னு படிக்கறவங்களுக்குத் தெரியணும். ஸ்டூடியோவுல நீ சம்பளத்துக்கு இருந்தே. மலையில மொட்டை, காதுகுத்து, காவடின்னு நீ எடுக்கற படமெல்லாம் ஓனரோட கேமராவுல, ஓனரோட பேருக்கு. சொந்தமா ஒண்ணு இருந்தா ஆடிக் கிருத்திகைக்கு நாமளே மலையில நிக்கலாம்னு சொல்லிகினே இருந்தே. பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரௌசிங் சென்டர்ல போய் உக்காந்து, எதெதையோ பாத்து, ஒண்ணைப் பிடிச்சே. கடையில விக்கறதை விடக் கம்மின்னே. பேங்க்ல டிடி எடுத்து அனுப்பினே. "யார்னே தெரியாதவங்களுக்கு எப்படிடா அனுப்பறே"ன்னேன். "பில்லு வரும்மா, கேரண்டி கார்டு வரும்மா, எல்லாத்துக்கும் சட்டம் இருக்குது"ன்னே. அப்பால போன்ல ஒரு தரம், நேர்ல ஒரு தரம் என்கிட்ட சொன்னே: "நான் இல்லாதப்போ பெட்டி வந்தா வாங்கி மட்டும் வை. தொடாதே. நான் வந்து பிரிக்கறேன். எலக்ட்ரானிக் சாமான், ஈரம் ஆவாது." நான் சரின்னேன்.

பெட்டி வந்த அன்னிக்கு வைகாசி மாசத்துக் கிருத்திகை. நீ வேலைக்குப் போயிருந்தே. மங்கம்மா பொண்ணைப் பாக்க அம்மையார்குப்பம் போயிருந்தா, வர நாலு நாள் ஆவும். கிருத்திகை அன்னிக்கே வீடு தேடி வந்திருக்குது, முருகன் பாதத்துல வெச்சு எடுத்துட்டா ஒரு குறையும் வராதுன்னு மனசு அடிச்சிகிச்சு. சைக்கிள் கண்ணு முன்னாடி நின்னுது. நீ சாயந்திரம் வந்தா பிரிச்சு எடுத்துகினு ஓடிடுவே. நான் பெட்டியைத் திறந்தேன், புஜ்ஜி. டேப்பு கிழியாம நகத்தால மெள்ள உரிச்சேன். பூசு மஞ்சள் நம்ம வீட்ல ஏது, குழம்புக்கு வெச்சிருந்த மஞ்சத்தூளைத் தண்ணியில கரைச்சு, துணியைத் தொட்டுப் பிழிஞ்சு, கேமராவைச் சுத்தித் துடைச்சேன். அடியில நம்பர் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் துடைச்சேன். மூணு இடத்துல சந்தனம், அது மேல குங்குமம். என் கையால. பன்னெண்டு வருஷம் கழிச்சு என் கை குங்குமத்தைத் தொட்டுது. வேட்டித்துணியில சுத்திகினு பஸ் ஏறினேன், மலைக்குப் போயி அர்ச்சனைத் தட்டுல வெச்சுக் குடுத்தேன், குருக்கள் பாதத்துல வெச்சுக் குடுத்தார். வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் துடைச்சு, இருந்த மாதிரியே பெட்டியில வெச்சு, ஒட்டாம நின்ன டேப்பு முனைக்கு நாலு சோத்துப் பருக்கை தேய்ச்சு ஒட்டிட்டேன். நீ வந்து பாத்து, "நல்ல பிள்ளையா தொடாம வெச்சிருக்கே"ன்னு என் கன்னத்தைக் கிள்ளினே.

அப்பால நடந்தது உனக்கும் தெரியும், ஆனா என் பக்கத்துலேர்ந்து தெரியாது. பேட்டரி ஏத்தி நீ என்னை முதல் படம் எடுத்தே. சின்னத் திரையில பாத்தே. சிரிச்சிகினு இருந்த மூஞ்சி அப்படியே நின்னுபோச்சு. படத்துக்குக் குறுக்கால ஒரு கறுப்புக் கோடு, சுண்டுவிரல் தண்டி, இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும். மறுபடி எடுத்தே, வாசலை எடுத்தே, முருங்கை மரத்தை எடுத்தே. எல்லாத்துலயும் கோடு. "நீ ஒண்ணு எடும்மா, நான் பிடிக்கறதுல எதாச்சும் கோளாறா பாக்கலாம்"னு என் கையில குடுத்துட்டு எதிர்ல நின்னே. ரெண்டு கையாலயும் கேமராவை மூஞ்சிக்கு நேரா பிடிச்சு, நீ சொன்ன பட்டனை அமுக்கினேன். உன் மேலயும் கோடு. "தொட்டியாம்மா?"ன்னே. "இல்லடா"ன்னேன். கேமராவைத் திருப்பி வாங்கும்போது என் விரலைப் பாத்தே. விரல் நுனியெல்லாம் மஞ்சள், சோப்புப் போட்டுத் தேய்ச்சும் போவல. "இன்னாம்மா, குழம்பு வெச்சியா?"ன்னே. "ஆங்"ன்னேன். அன்னிக்கு நான் வெச்சது பழைய சோறும் வெங்காயமும். நீ ஒண்ணும் கேக்காம துன்னுட்டு எழுந்தே.

பொய் சொல்லணும்னு நினைச்சு சொல்லல. என் தண்ணி உள்ள போய்த்தான் அது கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அதையாச்சும் சொல்லியிருக்கலாம். அதுக்கும் அடியில இன்னொண்ணு இருந்துது. தாலி இல்லாத கை பொட்டு வெச்சதாலதான் உன் முதல் சொத்து விடியலன்னு நினைச்சேன். அதை உன்கிட்ட எப்படிச் சொல்றது. நீ அதெல்லாம் நம்பறவன் இல்ல, திட்டுவே, அப்பால சிரிப்பே. ஆனா நான் நம்பினேன். இன்னி வரைக்கும் பாதி நம்பறேன்.

நீ விடல. அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணினே. ஒரு பொண்ணு இந்தியில பேசிச்சு, அப்பால இங்கிலீஷ்ல, நீ தமிழ்ல. ஒரு புகார் நம்பர் குடுத்துட்டு வெச்சிடுச்சு. பத்து தரம் பண்ணினே, பத்து நம்பர் வந்துது. திருப்பி அனுப்புன்னாங்க, உன் செலவுல அனுப்பினே. ஒண்ணரை மாசம் கழிச்சு அதே கேமராவே திரும்பி வந்துது, கூட ஒரு போட்டோவும் பேப்பரும். ஸ்டிக்கரைப் பெரிசா எடுத்த போட்டோ. ஓரத்துல மஞ்சள் இறங்கியிருந்துது. ஈரம் பட்டிருக்குது, வாங்கினவர் கெடுத்திருக்கார், கேரண்டி கிடையாதுன்னு எழுதியிருந்தாங்க. அதுக்குள்ள ஆடிக் கிருத்திகை போயிடுச்சு. ஓனர் கேமராவையே தூக்கிகினு மலை ஏறினே. அந்தப் போட்டோவை என் முன்னாடி நீட்டி ரெண்டாவது தரம் கேட்டே. நான் ரெண்டாவது தரம் இல்லன்னேன். "அப்போ யாரோ வாங்கி, பூசை போட்டு, வேணாம்னு திருப்பினதை எனக்குப் புதுசுன்னு வித்திருக்காங்க"ன்னே. உனக்குக் கோவத்துல காது மடல் சிவக்கும். அப்படி சிவந்துது. நான் அடுப்பைப் பாத்துகினு நின்னேன்.

அப்போதான் வசந்தாக்கா கடைக்குப் போனோம். நீ பேப்பரெல்லாம் பரப்பினே. அவங்க மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுகினு ஒண்ணொண்ணா பாத்து, "பில்லு இருக்குது. டிடி நகல் இருக்குது. கூரியர் சீட்டு இருக்குது. முதல் நாள் எடுத்த படம் தேதியோட இருக்குது. பெட்டியைக் கூட எறியல. தம்பி, நீ கட்டப்போற பொண்ணு குடுத்து வெச்சவ"ன்னாங்க. படிக்கறவங்களுக்கு இதைத்தான் சொல்லச் சொன்னாங்க, சொல்லிடறேன். எந்தப் பொருள் வந்தாலும் பில்லையும் பெட்டியையும் எறியாதீங்க. குறையைப் பாத்த அன்னிக்கே படம் எடுத்து வைங்க. போன்ல பேசினது காத்துல போயிடும், எழுதி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி, அந்தச் சீட்டை வைங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள நுகர்வோர் கோர்ட்டுல மனு குடுக்கணும். வக்கீல் வேணும்னு கட்டாயம் இல்ல, வெள்ளைப் பேப்பர்ல நடந்ததை நடந்தபடி எழுதினா போதும், நாமளே நின்னு பேசலாம். வித்தவங்க எங்கேயோ வடக்கே இருந்தாலும், பொருள் நம்ம கைக்கு வந்தது இங்கன்னா இங்கயே கேக்கலாம். இதெல்லாம் நீ மனப்பாடமா வெச்சிருந்தே. நடந்ததை நடந்தபடின்னு அவங்க சொன்னப்போ நான் ஜெராக்ஸ் மிஷின்ல ஓடற வெளிச்சத்தைப் பாத்துகினு இருந்தேன். நீ எழுதின மனுவுல, பெட்டியை நான் தான் முதல்ல பிரிச்சேன், அதுக்கு முன்னாடி எங்க வீட்ல யாரும் தொடலன்னு ஒரு வரி இருந்துது. கீழ கையெழுத்துப் போட்டே.

திருவள்ளூர் கோர்ட்டுக்கு எத்தனை தரம் போனோம், நாலோ அஞ்சோ. ரெண்டு தரம் கம்பெனிக்காரங்க வரவேயில்ல. ஒரு தரம், கேஸை எங்க ஊர்லதான் போடணும்னு பேப்பர் குடுத்தாங்க, அது தள்ளுபடி ஆச்சு. அதுக்கு அடுத்த தரம் கம்பெனி வக்கீல் அந்தப் போட்டோவை எடுத்து நீட்டினார். "ஐயா, பாருங்க, மஞ்சள். தண்ணியில நனைச்சிருக்காங்க, இப்போ எங்க மேல பழி போடறாங்க"ன்னார். நீ எழுந்து நின்னே. நான் பின் பெஞ்சில இருந்தேன், உன் முதுகுதான் தெரிஞ்சுது. "எங்க வீட்ல மஞ்சள் புழங்கற ஆளே இல்லீங்க. எங்க நைனா இல்லீங்க. எங்கம்மா மஞ்சளைத் தொட்டுப் பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது"ன்னே. வக்கீல் சிரிச்சிகினே, "ஏம்பா, உங்க வீட்ல குழம்புக்குக் கூட மஞ்சள் போட மாட்டீங்களா?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நீ உடனே, "குழம்பை எதுக்குங்க கேமரா மேல ஊத்தப் போறோம்?"னே. அதுக்கும் சிரிச்சாங்க, மேல உக்காந்திருந்த ஐயா கூட. அவரு, கேமராவைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி எழுதினார். நீ உக்காந்தே. என் பக்கம் திரும்பல.

ரயில்ல நீ ஜன்னலோரம், நான் எதிர்ல. மணவூர் தாண்டற வரைக்கும் நீ பேசல. கோர்ட்டுல என் தாலி இல்லாத கழுத்தை சாட்சியா வெச்சிட்டோமேன்னு வருத்தம்னு நினைச்சிகினேன். அப்பால நீயே, "ரிப்போர்ட் வந்தா தெரிஞ்சிடும்மா"ன்னே. "என்ன தெரியும்?"னேன். "கெட்டது எதனாலன்னு"ன்னே. கொஞ்சம் கழிச்சு, "எதனால இருந்தாலும் நீ கவலைப்படாதே"ன்னே. அந்த வார்த்தையை அன்னிக்கு நான் சாதாரணமாத்தான் கேட்டேன். இப்போ அது என்னைத் தூங்க விடறதில்ல.

கேமரா வந்ததுக்கு அடுத்த வருஷம், ஐப்பசி மழையில உனக்குக் காய்ச்சல் வந்துது. ஊர்ல பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான், மத்தவங்க எழுந்துட்டாங்க. நாலாம் நாள் பெரியாஸ்பத்திரி, ஆறாம் நாள் அங்கேர்ந்து சென்னை. ஏழாம் நாள் உனக்குக் கொஞ்சம் தெளிவு வந்துது. "ரிப்போர்ட் வந்துச்சாம்மா?"ன்னு அதைத்தான் கேட்டே. நான் உன் கட்டிலைப் பிடிச்சுகினு, சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். "நல்லாயி வா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்"னேன். "இப்பவே சொல்லு"ன்னே. "ஒண்ணுமில்ல, வீட்டுக்கு வா"ன்னேன். நீ கண்ணை மூடிகினு லேசா சிரிச்சே. ஒம்போதாம் நாள் முடிஞ்சுபோச்சு. கேக்கறதுக்கு நீ இருந்தே, நேரம் இருந்துது, பக்கத்துல யாரும் இல்ல. நான் சொல்லல. பிள்ளைங்களைப் பெத்தவங்க யாராச்சும் இதைப் படிச்சா, வீட்டுக்கு வா சொல்றேன்னு எதையும் வெக்காதீங்க.

அதுக்கப்புறம் கேஸை நான் விட்டுட்டேன். வசந்தாக்கா தான் வீட்டுக்கு வந்தாங்க. "வாங்கினவர் இறந்துட்டா வாரிசு நடத்தலாம், சட்டத்துல இடம் இருக்குது, ரிப்போர்ட் வந்திருக்குது"ன்னாங்க. எனக்குக் கேமரா எதுக்கு. ஆனா உன் கையெழுத்துக்கு மேல அந்தப் பொய் வரி இருக்குதே, புஜ்ஜி. என் பொய்யை உன் பேர்ல விட்டுட்டு நான் எப்படிப் போறது. போனேன். ரிப்போர்ட்டைப் படிக்கறதுக்கு முன்னாடியே எழுந்து நின்னேன். மேல ஐயா பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருப்பாங்களே, அவங்க, "சொல்லுங்கம்மா"ன்னாங்க. "மஞ்சத்தண்ணியில துடைச்சது நான் தாங்க. பொட்டு வெச்சதும் நான் தான். என் புள்ளைக்குத் தெரியாது. அவன் பொய் சொல்லல"ன்னேன். கம்பெனி வக்கீல் வேகமா எழுந்தார், "பாத்தீங்களா ஐயா, அவங்களே ஒத்துக்கறாங்க"ன்னு. அந்த அம்மா கையைக் காட்டி அவரை உக்கார வெச்சாங்க. பேப்பரைப் புரட்டி, எனக்குப் புரியற தமிழ்ல சொன்னாங்க. மஞ்சள் ஸ்டிக்கரோட நின்னுபோச்சாம். உள்ள ஒரு சொட்டு ஈரம் போன அடையாளம் இல்லியாம். படத்தைப் பிடிக்கற சில்லே செய்யும்போதே கோளாறாம். "புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்கறது நம்ம பக்கத்துல எல்லாரும் பண்றது. அதுக்காக உங்க உரிமை போயிடாதும்மா. குறை அவங்க பொருள்ல இருக்கு, மாத்திக் குடுக்க வேண்டியது அவங்க கடமை"ன்னாங்க. அப்பால என்னையே பாத்து, மெதுவா, "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, கேஸ் இவ்வளவு இழுத்திருக்காதே"ன்னாங்க.

அவங்க தப்பா சொல்லல. திட்டவும் இல்ல. ஆனா அன்னிக்கு நான் உக்காந்த பெஞ்சிலேர்ந்து எழுந்துக்க வசந்தாக்கா கையைப் பிடிச்சுத் தூக்க வேண்டியிருந்துது. முதல் நாளே உன்கிட்ட சொல்லியிருந்தா, நீ ரெண்டு வார்த்தை திட்டிட்டு, அதையும் மனுவுல எழுதியிருப்பே. அந்த மஞ்சளைப் பத்தியே வாதம் நடந்திருக்காது. அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு மலையில உன் கேமராவோட நின்னிருப்பே. காய்ச்சலை நான் தடுத்திருக்க முடியாது, அது வந்துதான் இருக்கும். ஆனா ஒரு ஆடிக் கிருத்திகை, ஒரே ஒண்ணு, உனக்குன்னு இருந்திருக்கும். அதை எடுத்தது கம்பெனி இல்ல. வசந்தாக்கா இந்த இடத்தை அடிச்சிடுவாங்களோ என்னவோ, "நம்பிக்கையா முடிங்க, ஜெயிச்ச கேஸு"ன்னு சொல்லியிருக்காங்க. ஜெயிச்சதைப் படிக்கறவங்க எடுத்துக்கட்டும். பொருளுக்கு என்ன பண்ணீங்களோ அதை மறைக்காம எழுதுங்க, அது போதும். எனக்கு அதுல எடுத்துக்க ஒண்ணும் இல்ல.

நீ வாங்கின மாடல் இப்போ வர்றதில்லியாம், அதை விட நல்லதா அனுப்பியிருக்காங்களாம். மங்கம்மா காலையில வந்து பெட்டியைப் பாத்தா. "குங்குமம் கொண்டாரட்டுமாடி?"ன்னு கேட்டா. அவளுக்கும் எல்லாம் தெரியும் இப்போ. நான் வேணாம்னேன். கேக்கறதுக்குக் கூட ஆள் இல்லாத பெட்டிக்கு எதுக்குப் பொட்டு. அவ முந்தானையால பெட்டி மேல இருந்த தூசியைத் துடைச்சிட்டுப் போயிட்டா.

கோர்ட்டுலேர்ந்து இன்னொண்ணும் வாங்கினு வந்தேன். நீ சாட்சிக்குன்னு பிரிண்ட் போட்டுக் குடுத்த எட்டு படம். கேஸ் முடிஞ்சா மனு போட்டு வாங்கிக்கலாம்னாங்க, வாங்கிட்டேன். ஏழு படம் நானும் வாசலும் முருங்கை மரமும். எட்டாவது, நான் எடுத்த நீ. மேல ஓரத்துல சிவப்பு மையில சாட்சி நம்பர் போட்டு, ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருக்காங்க. ஊர்ல எல்லார் படத்தையும் எடுத்துகினு இருந்தவன் நீ, பெரியவனான அப்புறம் உனக்குன்னு எடுத்த படம் இது ஒண்ணுதான். மாலை போட்டு மாட்டலாம்னா மாட்ட முடியல. அந்தக் கறுப்புக் கோடு சரியா உன் கண்ணு மேல போவுது. நெத்தி இருக்குது, மூக்கு இருக்குது, வாய் இருக்குது, வாய் சிரிக்கவும் இல்ல சிரிக்காமலும் இல்ல. கண்ணு மட்டும் இல்ல. அந்த நேரம் நான் ரெண்டு கையாலயும் கேமராவைப் பிடிச்சிகினு உனக்கு நேர் எதிர்ல நின்னுகினு இருந்தேன், பத்து விரலும் உன் மூஞ்சிக்கு முன்னாடி, பத்துலயும் மஞ்சள். அதுக்கப்புறம்தான் குழம்பு வெச்சியான்னு கேட்டே. அதுக்கப்புறம்தான் பழைய சோத்தை வாயைத் திறக்காம துன்னே. அதுக்கப்புறம்தான் அத்தனை பேர் முன்னாடி, எங்கம்மா மஞ்சளைத் தொட மாட்டாங்கன்னு சொன்னே. தினம் அந்தப் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சுப் பாக்கறேன், கோட்டுக்கு அந்தப் பக்கம் எதாச்சும் தெரியுதான்னு. நீ என்னை நம்பி சொன்னியா, தெரிஞ்சு காப்பாத்தினியா? அன்னிக்கு அந்தக் கோட்டுக்குப் பின்னால உன் கண்ணு என் விரலைத்தான் பாத்துகினு இருந்துச்சா, புஜ்ஜி?